யூரியூப் சிரிப்பும் தியேட்டர் சிரிப்பும்: யாழ்ப்பாணத்து நகைச்சுவை இயக்குநர் ஒராளின்ரை அனுபவம்

யாரைப் பற்றி

இது யாழ்ப்பாணத்திலை நகைச்சுவை எழுதி, எழுதினதைத் தானே படமா எடுத்த ஒராளின்ரை கதை. 2017 இலை தொடங்கி 2025 வரைக்கும் வருது. ஆளின்ரை பேர், ஊர், படத்தின்ரை பேர் ஒண்டும் போடேல்லை. அவற்றை சம்மதத்தோடை தான் எழுதுறன், எழுதினதை ஒருக்கா வாசிச்சுப் பாத்து ரெண்டு இடத்திலை திருத்தமும் சொன்னவர். ரெண்டு படத்திலையும் எடிற்றிங்குக்குப் பக்கத்திலை இருந்த ஆள் நான். அதாலை காசுக் கணக்கை விட வெட்டுற ஒட்டுற சங்கதி தான் எனக்கு வடிவாத் தெரியும், இதிலையும் அது தான் கூட வரும், குறை நினைக்காதேங்கோ.

பின்னணி

ஆள் முதல்லை கலியாண வீடியோ எடுக்கிற ஒருத்தரிட்டை உதவிக்கு நிண்டவர். கலியாண வீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எண்டு எல்லா இடமும் கமராவோடை போய், சனம் எப்பிடிக் கதைக்கும், எந்த இடத்திலை பொய் சொல்லும் எண்டு கேட்டுக் கேட்டே பழகினவர். 2017 இலை நாலு பெடியளோடை சேந்து மூண்டு நாலு நிமிச நகைச்சுவைத் துண்டுகள் எடுத்து பேஸ்புக்கிலை போடத் தொடங்கினார். கலியாணத் தரகர், சுவிஸ் மாப்பிள்ளை, ரியூசன் வாத்தி, கோயில் லவுட்ஸ்பீக்கர் எண்டு எல்லாம் எங்கடை வீட்டு வாசல்லை நடக்கிற விசயம். எழுத்து, இயக்கம், நடிப்பு, எடிற் எல்லாம் அவரே.

2020 மார்ச்சிலை கொரோனாவுக்கு ஊரடங்கு போட, இஞ்சையும் கனடா லண்டனிலையும் சனம் வீட்டுக்குள்ளை அடைபட்டு போனைத் தவிர வேறை ஒண்டும் இல்லாமல் இருந்த நேரம், இவற்றை சனல் ஒரேயடியா ஏறிச்சுது. யூரியூப்பிலை காசு வாறதுக்கு அப்ப இருந்த கணக்கு 1000 சப்ஸ்கிரைபரும் ஒரு வருசத்துக்குள்ளை 4000 மணித்தியாலப் பார்வையும். அதைத் தாண்டினாப் பிறகு இன்னொரு விசயம் வந்தது. 2020 யூலையிலை இருந்து எட்டு நிமிசத்துக்கு மேலை போற வீடியோவுக்கு நடுவிலை விளம்பரம் போடலாம் எண்டு மாத்தினவை (அதுக்கு முதல் பத்து நிமிசம்). உடனை இவர் நாலு நிமிசச் சிரிப்பை எட்டு நிமிசம் ஆக்கத் தொடங்கினார். ஒரு கதையை நீட்டி இல்லை, முதல் துண்டு முடிய ரெண்டாம் துண்டை ஒட்டி. இதை இவ்வளவு விளக்கமாச் சொல்லுறது ஏன் எண்டா பிறகு படத்திலை வந்த சிக்கலின்ரை வேர் இது தான்.

சின்ன வடிவத்திலை பேர் எடுத்திட்டு படத்துக்குப் போறது எங்கடை பக்கம் புதுசும் இல்லை. 1976 இலை வந்த கோமாளிகள் படம் இலங்கை வானொலியிலை போன நகைச்சுவை நாடகத்திலை இருந்து வந்தது. கே.எஸ். பாலச்சந்திரன் அண்ணை றைற் எண்ட தனிநடிப்பாலை மேடையிலையும் வானொலியிலையும் வீட்டுக்கு வீடு தெரிஞ்ச ஆளாகி, படங்களிலையும் நடிச்சவர். அந்தக் காலத்திலை இந்தியப் படம் இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருந்தபடியால் உள்ளூர்ப் படத்துக்குத் தியேட்டரிலை கொஞ்சம் இடம் கிடைச்சது. 77க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்து விட்டவை, 83 கலவரம், பிறகு யுத்தம் எண்டு எல்லாம் அறுந்து போச்சுது. அதாலை இவற்றை வயசுப் பெடியளின்ரை காது கவுண்டமணி செந்திலாலையும் வடிவேலாலையும் வளந்த காது. இதுவும் பிறகு வந்து இடிச்சது.

முதல் ஸ்கிரிப்ற்

2021 இலை எழுதி முடிச்சார். ஒரு பக்கம் ஒரு நிமிசம் எண்ட கணக்கிலை பாத்தால் ரெண்டு மணித்தியாலத்துக்கு மேலை. ஒவ்வொரு பக்கமும் சிரிப்பு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் முழுசா வாசிச்சு முடிய ஒண்டும் மனசிலை நிக்கேல்லை. ஹீரோ செத்தவீடுகளை வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு லைவ்விலை காட்டுற பெடியன். வீட்டுக்கு வீடு போறான், ஒவ்வொரு வீட்டிலையும் ஒரு பகிடி, அடுத்த வீடு. சுருக்கமாச் சொன்னால் பதினொரு யூரியூப் வீடியோவை நூலிலை கோத்த மாதிரி.

அவருக்குத் தெரிஞ்ச வயசு போன ஒரு அண்ணாவியாரிட்டை (நாடகம் பழக்கிறவர்) ஸ்கிரிப்ற்றைக் கொண்டு போய்க் குடுத்தார். இசை நாடகத்திலை பபூன், அதாவது கோமாளி வேசம் கட்டின மனுசன். அவர் கண்ணாடியைப் போட்டு ரெண்டு நாளா வாசிச்சிட்டு கேட்டது ஒரு கேள்வி தான். "தம்பி, உன்ரை பெடியன் எல்லாரையும் நக்கலடிக்கிறான், சரி. அவனுக்கு என்ன வேணும்?" இவருக்கு மறுமொழி இல்லை. அண்ணாவியார் பேந்து சொன்னது, பபூன் எந்த நேரமும் மேடையிலை நிக்கிறேல்லையாம், விடியப்புறம் சனம் சாயத் தொடங்கேக்கை தான் வருவானாம், அவன் வாறதுக்கு முதல் ராசா அழுதிருக்க வேணுமாம்.

இதுக்குப் பிறகு எடுத்த முடிவு தான் என்ரை கணிப்பிலை முழு விசயத்திலையும் கெட்டித்தனமான முடிவு. பதினொரு வீட்டை ஒரே வீடாக்கினார். ஒரு ஆச்சி செத்துப் போறா, அவவின்ரை முன் அறையை எடுத்துத் தான் பெடியன் ஸ்ரூடியோ நடத்துறான், செத்தவீடு முடிஞ்ச கையோடை பிள்ளையள் வீட்டை வித்துப் போடுவினம், அதாலை அவனுக்குச் செத்தவீடு முடியக் கூடாது. கனடாவிலை இருந்து மூத்தவர் வரட்டும், பிரான்சிலை இருந்து இளையவ வரட்டும் எண்டு பிரேதத்தை வைச்சுக் கொண்டு நாளை இழுக்கிறான். எங்கடை ஊரிலை வெளிநாட்டுப் பிள்ளைக்காகப் பிரேதத்தை வைச்சுக் காத்திருக்கிறது புதினமே இல்லை, அதாலை ஆருக்கும் சந்தேகமும் வராது. பழைய பகிடியளிலை பாதி தானா விழுந்து போச்சுது. மிச்சப் பாதிக்கு இப்ப ஒரு காரணம் வந்திட்டுது.

(சித்த மருத்துவர் வாற கிளைக் கதையையும் அப்பவே எடுத்திருக்க வேணும் எண்டு நான் இப்பவும் சொல்லுவன். அவர் விடேல்லை.)

காசும் பேச்சுத் தமிழும்

காசு போட வந்தவர் சுவிஸிலை இருக்கிற ஒரு சொந்தக்காரர். நல்ல மனுசன் தான். ஆனா அவர் கேட்டது ரெண்டு விசயம், சென்னையிலை இருந்து ஒரு நகைச்சுவை நடிகரைக் கூப்பிட வேணும், பேச்சைக் கொஞ்சம் "பொதுவா" வைக்க வேணும், இல்லாட்டில் ஓரிரி (OTT, நெற்றிலை படம் காட்டுற தளம்) காரன் எடுக்க மாட்டான். அவர் சொன்னதிலை நியாயம் இல்லை எண்டு சொல்ல ஏலாது. தமிழ்நாட்டுச் சனத்துக்கு எங்கடை பேச்சுப் பாதி விளங்காது, சந்தை அங்கை தான் இருக்குது.

இவர் மாட்டன் எண்டிட்டார். அவர் சொன்ன காரணம் பெருமைக் கதை இல்லை, தொழில் கதை. பகிடியிலை பாதி சொல்லிலை இருக்கேல்லை, இழுவையிலை இருக்குது, "ஓமோம்" எண்டு ஒராள் சொல்லுறது சம்மதமோ நக்கலோ எண்டு எங்கடை காதுக்குத் தான் தெரியும், அதை மாத்தினால் ஸ்கிரிப்ற்றையே புதுசா எழுத வேணும். சுவிஸ்காரர் போடுறன் எண்ட காசைப் பாதியாக்கினார். மிச்சத்துக்கு மனுசியின்ரை நகை ஈட்டுக்குப் போச்சுது.

இதோடை ஒட்டி இன்னொரு முடிவும் எடுக்க வேண்டி வந்தது. எடுத்துப் பாத்த ஒரு காட்சியைச் சில பெடியளுக்குக் காட்ட, "நாடகம் மாதிரிக் கிடக்கு" எண்டு சொல்லிச்சினம். முதல்லை எல்லாரும் பேச்சுத் தமிழைத் தான் குற்றம் சொன்னது, எங்கடை தமிழைத் திரையிலை கேட்டுப் பழக்கம் இல்லை எண்டு. ஆற அமர இருந்து கேட்டால் விசயம் அது இல்லை. மேடையிலை நடிச்சுப் பழகின ஆக்கள் கடைசி வரிசைக்குக் கேக்கிற மாதிரிக் கதைக்கினம், போதாக்குறைக்கு அதை டப்பிங்கிலை பிறகு பேசினது. அதாலை டப்பிங்கைக் கைவிட்டு, சட்டைக்குள்ளை சின்ன மைக்கைக் குத்தி, எடுக்கிற இடத்திலையே சத்தத்தைப் பதிஞ்சம். காகம், லவுட்ஸ்பீக்கர், பக்கத்து வீட்டு மோட்டர் எல்லாம் உள்ளுக்கை வந்தது தான். ஆனா ஆக்கள் ஆக்களாக் கதைச்சினம்.

2022 சூட்டிங்

இதைப் பற்றி நீட்ட விருப்பமில்லை, எல்லாருக்கும் தெரிஞ்ச வருசம். மார்ச் கடைசியிலை ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை, டொலர் 200 ரூபாவிலை இருந்து 360க்கு மேலை போச்சுது, ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. நடிக்கிற ஆக்கள் சைக்கிளிலை வந்து இறங்கி, வேர்வை காஞ்சாப் பிறகு தான் கமரா முன்னாலை நிக்க ஏலும். எரிபொருளுக்குக் கியூஆர் கோட் முறை வந்து கிழமைக்கு இவ்வளவு எண்டு பெற்றோல் கிடைக்கத் தொடங்கினாப் பிறகு தான் விட்ட இடத்திலை இருந்து திரும்பத் தொடங்கினது. ஒரு நன்மை, இரவுக் காட்சியளைப் பகலுக்கு மாத்தி எழுதினதாலை செத்தவீட்டின்ரை பந்தல் வெளிச்சம் படத்துக்கு வடிவா வந்தது.

சிரிப்புச் சத்தத்திலை கதை தாண்ட இடம்

எடிற் முடிஞ்சு ஒரு மண்டபத்திலை தெரிஞ்ச ஆக்களைக் கூப்பிட்டுப் போட்டுப் பாத்தம். வசனத்துக்கு வசனம் எல்லாரும் சிரிச்சினம். ஆனா கடைசி அரை மணித்தியாலம் சனம் ஆளையாள் பாக்குது, "உவர் ஏன் இப்ப கோவிக்கிறார்?" எண்டு. கதை விளங்கேல்லை.

எந்த இடத்திலை விட்டது எண்டு தேடினால் ஒரு காட்சியிலை வந்து நிண்டுது. லைவ் போய்க் கொண்டிருக்கேக்கை லைன் கட்டாகிப் போகுது. பெடியன் ஒப்பாரி வைக்கிற மாமியிட்டை மெதுவாப் போய், "அன்ரி, நெற் விட்டுப் போச்சுது, கனடா மாமா காணேல்லையாம், ஒருக்கா திருப்பிச் சொல்லுங்கோ" எண்டுறான். மாமி கண்ணைத் துடைச்சுப் போட்டு, "எந்த இடத்திலை இருந்து தம்பி?" எண்டு கேக்கிறா. மண்டபம் அதிர்ந்தது. அந்தச் சிரிப்புச் சத்தத்துக்குள்ளை அடுத்த ரெண்டு வசனமும் ஆருக்கும் கேக்கேல்லை, அந்த ரெண்டு வசனத்திலை தான் வீட்டு உறுதி (பத்திரம்) ஆற்றை பேரிலை இருக்கெண்ட விசயம் இருந்தது. முழுப் படமும் அந்த உறுதியிலை தான் நிக்குது.

யூரியூப்பிலை இந்தப் பிரச்சினை வராது. போனிலை ஒராள் தனியப் பாக்கிறார், வாய்க்குள்ளை சிரிக்கிறார், இடைவெளி விட்டால் அடுத்த வீடியோவுக்குத் தட்டிப் போடுவார், அதாலை பகிடி முடிய முதல் வெட்ட வேணும். இவற்றை கையும் கண்ணும் அப்பிடித்தான் பழகினது. மண்டபத்திலை நூறு பேர் சேந்து சிரிச்சால் அது அடங்க நாலைஞ்சு செக்கன் எடுக்கும், அந்த நேரத்துக்குத் திரையிலை முக்கியமான கதை ஒண்டும் நடக்கக் கூடாது, ஆனா வெறுமையாவும் கிடக்கக் கூடாது, ஏனெண்டா ஆறு பேர் மட்டும் இருக்கிற ஷோவிலை அந்த இடம் செத்துப் போகும்.

செய்தது இது தான். உறுதிப் பேச்சை அடுத்த காட்சிக்குத் தள்ளினம். மாமியின்ரை கேள்விக்குப் பிறகு போட ஒரு ஷொட் தேவைப்பட்டது. தேடிப் பாக்க, "அக்சன்" சொல்ல முதல் அந்த நடிகை தன்ரை பாட்டிலை சீலைத் தலைப்பைச் சரி பண்ணி, தொண்டையைச் செருமி, முகத்தைத் திரும்ப அழுகைக்கு ஆயத்தப்படுத்துற துண்டு ஒண்டு கிடந்தது. நடிப்பே இல்லை, மனுசி உண்மையாவே ஆயத்தப்படுத்துறா. அதை ஐஞ்சு செக்கனுக்கு அப்பிடியே விட்டம். சனம் கூடினால் சிரிப்பு அதுக்கு மேலாலை போகும், ஆள் குறைஞ்சால் அதுவே இன்னொரு பகிடி. இந்த முறையிலை படம் முழுக்கத் திருப்பிப் போக ஏழெட்டு இடம் அகப்பட்டது.

தியேட்டர் கொப்பி அடிக்கேக்கை இன்னொரு அடி. எங்கடை கரண்ட் 50 ஹேர்ட்ஸ் எண்டபடியால் லைற் மினுங்காமல் இருக்கக் கலியாணக் கமரா எல்லாம் செக்கனுக்கு 25 பிரேமிலை (படத்துண்டிலை) தான் இருக்கும், படமும் அதிலை தான் எடுத்தது. தியேட்டர் கொப்பி 24 இலை வேணும் எண்டவை. சும்மா மாத்தி விட்டால் எல்லாம் நாலு வீதம் மெதுவாகும், 105 நிமிசப் படம் 109க்கு மேலை போகும், குரலும் இறங்கும். முதல் கொப்பியைப் போட்டுப் பாத்திட்டு, "என்ன எல்லாரும் தடிமன் பிடிச்ச மாதிரிக் கதைக்கினம்" எண்டார். நகைச்சுவைக்கு நாலு வீதம் எண்டது சின்ன விசயம் இல்லை. குரலின்ரை உயரத்தைத் திருத்தி, அதுக்குப் பிறகு மெதுவான இடங்களைத் திரும்ப இறுக்கி வெட்ட வேண்டி வந்தது. சூட்டிங்குக்கு முதல் ஒராளிட்டைக் கேட்டிருந்தால் ஒரு பொத்தானிலை முடிஞ்சிருக்கும்.

றிலீஸ்

கொழும்பிலை சென்சர் எடுத்து 2023 இலை வந்தது. யாழ்ப்பாணத்திலை முதல் சனி ஞாயிறு நிரம்பினது, குடும்பமா வந்தவை, ஆச்சிமாரைக் கூட்டிக் கொண்டு வந்தவை. அடுத்த வெள்ளி பெரிய நட்சத்திரத்தின்ரை இந்தியப் படம் ஒண்டு இறங்க, இவருக்குக் காலமை ஷோ மட்டும் மிஞ்சினது. தியேட்டர்காரரைக் குறை சொல்ல ஏலாது, அவைக்கும் கரண்ட் பில் இருக்குது. வாய்க்கதையாலை சனம் கூடத் தொடங்க ஒரு கிழமை எடுக்கும், அந்தக் கிழமை தான் இவருக்குக் கிடைக்கேல்லை.

வெளிநாட்டு ஷோ தான் கொஞ்சமாவது காப்பாத்தினது. ஸ்காபரோ, லண்டன், பரிஸ் எண்டு ஞாயிற்றுக் கிழமையளிலை ஒரு ஷோ ரெண்டு ஷோ. அங்கை இருந்து வந்த கதையளிலை ரெண்டு முக்கியம். பெரியாக்கள் பகிடிக்குச் சிரிக்க முதல், கனகாலம் கேளாத சொல்லைக் கேட்டே சிரிச்சவை, அதைக் கணக்கிலை எடுத்துப் படம் பகிடியா வந்திருக்குது எண்டு நினைக்கப் படாது. மற்றது சப்ரைற்றில். அங்கை பிறந்த பிள்ளையள் அதை வாசிச்சுத் தான் பாக்கிறவை, மாமி வாய் திறக்க முதல் கேள்வி கீழை எழுத்திலை வந்திட்டுது, பிள்ளையள் ஒரு செக்கன் முந்திச் சிரிக்க, பெரியாக்கள் "என்ன என்ன" எண்டு திரும்பிப் பாத்து அசல் வசனத்தை விட்டுப் போட்டினம். பிறகு இருந்து எல்லாப் பகிடி வசனத்தின்ரை எழுத்தையும் ரெண்டா உடைச்சு, கடைசிச் சொல்லை வாய் அசையேக்கை வாற மாதிரி மாத்தினம். சலிப்புப் பிடிச்ச வேலை, ஆனால் செய்ய வேண்டின வேலை.

காசு வந்த விதம் தான் கவலை. ஷோ போட்ட ஆக்களோடை எல்லாம் வட்ஸ்அப்பிலை "ஓம் தம்பி, பாப்பம்" எண்ட பேச்சு மட்டும். எத்தினை ரிக்கெற் வித்தது எண்ட கணக்கு ஒரு சில இடத்திலை இருந்து தான் வந்தது. கடைசியிலை போட்ட காசிலை பாதிக்குக் கிட்ட திரும்பேல்லை. நகை ஈட்டிலையே இருந்தது, ஆள் திரும்பக் கலியாண வீடியோவுக்குப் போனார். சனலிலையும் ஒரு வருசமா ஒண்டும் போடேல்லை, படம் எடுத்த ஆள் எப்பிடி நாலு நிமிசம் எடுக்கிறது எண்ட வீம்பு தான்.

ரெண்டாவது முறை

2024 இலை திரும்பத் தொடங்கினது ஆரும் கேட்டு இல்லை, சனல்லை பழைய வீடியோக்குக் கீழை சனம் "அண்ணை எங்கை போனியள்" எண்டு எழுதினதாலை. இந்த முறை 75 நிமிசம், ஒரே ஒரு வளவுக்குள்ளை நடக்கிற கதை, ஏழு பேர். நடிப்பை விட்டிட்டார். கமராக்கு முன்னாலை நிண்டு கொண்டு மற்றவையின்ரை நேரத்தைப் பாக்க ஏலாது எண்டு முதல் படத்திலையே தெரிஞ்சது தான், விட மனம் வர இவ்வளவு நாள் எடுத்தது. எழுத்துக்கும் ஒரு பிள்ளையைச் சேத்துக் கொண்டார், கம்பஸிலை நாடகம் படிச்ச பிள்ளை, பொம்பிளையளின்ரை கதை பேச்சு முழுக்க அவ மாத்தி எழுதினவ, முதல் படத்திலை மாமியைத் தவிர ஒரு பொம்பிளைக்கும் பகிடி இல்லை எண்டு முகத்துக்கு நேரை சொன்னவவும் அவ தான்.

எழுதி முடிய ஒரு சனசமூக நிலையத்திலை நடிகர் இல்லாமல் மேசையைச் சுத்தி இருந்து வாசிச்சம். கேக்க வந்தது ஊர் ஆக்கள், பெரும்பாலும் பென்சன் எடுத்த ஐயாமாரும் ரியூசன் முடிஞ்சு வந்த பிள்ளையளும். ஒராள் வாசிப்பார், இவர் கொப்பியின்ரை கரையிலை சிரிச்ச இடத்துக்குக் கோடு போடுவார், நீளச் சிரிப்புக்கு நீளக் கோடு. நீளக் கோட்டுக்கு அடுத்து வாற முக்கியமான வசனம் எல்லாம் சூட்டிங்குக்கு முதலே இடம் மாறினது. தேத்தண்ணியும் வடையும் தான் செலவு.

படம் 24 பிரேமிலை எடுத்தது. தியேட்டரை நம்பேல்லை, மண்டபத்திலை ஞாயிறு ஷோவா ஊர் ஊராப் போட்டு, பிறகு வெளிநாடு. ஒவ்வொருத்தரோடையும் ஒரு பக்க ஒப்பந்தம், ரிக்கெற்றிலை இத்தினை வீதம், பாதி முற்காசு, மிச்சம் ஷோ முடிஞ்சு ரெண்டு கிழமைக்குள்ளை. ரெண்டு பேர் முற்காசு எண்டதும் பின்வாங்கிச்சினம், அவைக்குப் படம் குடுக்கேல்லை. பெரிய லாபம் எண்டு சொல்ல ஒண்டும் இல்லை, ஆனா போட்டது திரும்பினது, 2025 இலை நகை ஈட்டிலை இருந்து வந்தது.

இனி மாத்தப் போறது

அவரிட்டைக் கேக்க, முதல் படத்தைத் திரும்ப எடுக்கிறது எண்டால் எடிற்றிலை கண்டுபிடிச்சதை எல்லாம் வாசிப்பிலை கண்டு பிடிச்சிருப்பன் எண்டார். பேச்சுத் தமிழ் விசயத்திலை எடுத்த முடிவை மாத்த மாட்டாராம், சுவிஸ்காரரின்ரை மிச்சப் பாதி போனது போனது தானாம். நான் இதோடை ஒத்துப் போறன். ஆனா யூரியூப்பை ஒரு வருசம் மூடி வைச்சது பிழை எண்டது என்ரை எண்ணம். அவருக்குச் சனத்தோடை இருந்த ஒரே நேரடித் தொடுப்பு அது தான், றிலீஸ் நேரம் அதை வடிவாப் பாவிச்சிருந்தால் ரெண்டாம் கிழமைக்கும் ஆள் வந்திருக்கும்.

இப்ப வேறை ரெண்டு இயக்குநர்மாருக்கு எழுதிக் குடுக்கிறார், சனலிலை மாசத்துக்கு ஒண்டு போடுறார், எட்டு நிமிசத்துக்கு இழுக்கிறேல்லை. முதல் படத்துக்குப் பரிஸ் நகரத்திலை ஷோ போட்டவரிட்டை இருந்து கணக்கு இன்னும் வரேல்லை. போன மாசமும் மெசேஜ் போட்டவராம், நீலச் சரி ரெண்டும் விழுந்திருக்குது.